மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைவர் நிக்ரூமா பதவிக்கு வந்தது 1952-ஆ, 1957-ஆ, 1960-ஆ?

மூன்றும் சரிதான், பதவிதான் வேறு வேறு. குவாமே நிக்ரூமா 1952-இல் கோல்ட் கோஸ்ட் (சுதந்திரத்துக்கு முன் கானாவின் பெயர்) என்ற பிரிட்டிஷ் காலனியின் பிரதமர். 1957 மார்ச் 6 முதல் சுதந்திர கானாவின் பிரதமர். 1960 ஜூலை 1-இல் குடியரசின் முதல் அதிபர். வினாடி வினாவில் "முதல் தலைவர்" எந்த ஆண்டு பதவிக்கு வந்தார் என்று மொட்டையாகக் கேட்டால்தான் குழப்பம் வரும்.

சுதந்திரம் வந்த பிறகும் மூன்று வருடம் பிரிட்டனின் எலிசபெத் அரசிதான் கானாவின் அரசுத் தலைவர். அவர் சார்பில் ஒரு கவர்னர் ஜெனரல். குடியரசாவது பற்றி 1960 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. கூடவே நடந்த அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜே. பி. டான்குவாவைத் தோற்கடித்துத்தான் நிக்ரூமா அதிபரானார்.

இனி இப்படிக் கேள்வி வந்தால், சுதந்திர நாளையும் குடியரசான நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் முதல் பிரதமர் யார், முதல் அதிபர் யார் என்று தனித்தனியாகத் தேட வேண்டும்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் இதைப் பொருத்திவிடாதீர்கள். அதே மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி 1958 அக்டோபரில் பிரான்சிடமிருந்து பிரிந்த கையோடு குடியரசாகிவிட்டது; செக்கு தூரே நேராக அதிபர்.