மாரியம்மன் திருவிழாவும் சமாதானக் கூட்டமும்

அன்புள்ள அண்ணா,

ஊத்தங்கரை பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் ஊர்வலம் காலனித் தெருவுக்குள் போவதா வேண்டாமா என்ற தகராறு நான் பிறக்கும் முன்பே தொடங்கியது. தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. 2023 மத்தியஸ்தச் சட்டத்தில் ஊர்ப் பூசலுக்கும் வழி இருக்கிறதாமே, உதவுமா? மத்தியஸ்தர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டுமா, வெளியாளா? எங்கள் தலைமுறை சாதி பார்ப்பதில்லை. பெரியவர்கள்தான் முட்டுக்கட்டை.

ச.

அன்புள்ள ச.,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சமூக மத்தியஸ்தத்துக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. இரு தரப்பும் முன்பே சம்மதிக்க வேண்டும்; மூன்று பேர் குழு பேசி வைக்கும். ஆனால் அந்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கேட்க முடியாது. உள்ளூரா வெளியூரா என்பதெல்லாம் பிறகு.

'எங்கள் தலைமுறை சாதி பார்ப்பதில்லை.' தம்பி, இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? காலனியில் உங்கள் வயதுப் பையன் ஒருவனிடமாவது கேட்டீர்களா? அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லையே.

கொஞ்ச நாளாக என் பெரியப்பாவின் நினைவாகவே இருக்கிறேன். பாலக்கோடு பக்கம் அவர் சொன்னால் பஞ்சாயத்து முடிந்தது என்பார்கள். கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறைக்காக இரண்டு பங்காளிகள் அரிவாள் தூக்கினார்கள். பெரியப்பா ஊரைக் கூட்டவில்லை. ஒரு போகம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போனார், களி தின்றார், அடுப்படியோரம் உட்கார்ந்து பெண்கள் பேசுவதைக் கேட்டார். ஒரு சாவுக்கு வராமல் போன கோபம் அடியில் கிடந்தது. அதைப் பேசி ஆற்றிய பிறகு, மோட்டார் ஓட்ட நாள் பிரிப்பது ஒரு பொழுது வேலையாகப் போயிற்று. இன்றும் அந்த முறையில்தான் இறைக்கிறார்கள்.

அதே பெரியப்பாவிடம் காலனிக்காரர்கள் சுடுகாட்டுப் பாதை கேட்டு வந்தார்கள். அவர் திண்ணையில், அவர்கள் வாசலில் நின்றபடி. "இந்த வருசம் பொறுத்துக்குங்க" என்றார். அடுத்த வருசமும் அதையே சொன்னார். பேசித் தீர்க்கும் வித்தை அவருக்குக் கைவந்ததுதான். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு வாய் களி தின்ன அவரால் முடியவில்லை. அங்கேயே அந்தப் பேச்சு செத்துவிட்டது.

உங்கள் தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள்? பெண்கள் யாராவது வாய் திறந்தார்களா? அதிகாரிகளுக்கு இந்த வருசத் திருவிழா அடிதடி இல்லாமல் முடிந்தால் போதும். அதனால் எளியவனைப் பார்த்து 'விட்டுக்கொடு' என்பார்கள். மறுவருசம் அதே தகராறு, இன்னும் கொஞ்சம் வன்மத்தோடு.

எல்லாமே பேசித் தீருகிற விஷயமும் கிடையாது. 1992இல் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. எந்தச் சமாதானக் கூட்டமும் அதைத் தந்திருக்காது. 2012 நவம்பரில் தருமபுரி பக்கம் நத்தம் காலனியில் சாதிக் கும்பல் தீ வைத்து வீடு எரிந்து நின்றவர்களிடம் போய் விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

பழைய சமாதானக் கூட்ட ஒப்பந்த நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். காலனிக்கு எடுத்துப்போய் அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். எந்த வாக்கு காப்பாற்றப்பட்டது, எது காற்றில் போனது என்று அவர்கள் சொல்லட்டும். அதை எனக்கு எழுதுங்கள். மத்தியஸ்தர் யார் என்பதை அப்புறம் பேசுவோம்.