இ20 பெட்ரோலும் பழைய கார்களின் ரப்பர் குழாய்களும்: கேள்வி பதில்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் அறிமுகமாகி, இன்று நாடு முழுவதும் சாதாரண பெட்ரோலாகவே கிடைக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் என்ற பாகத்தில் கலக்கும் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை பெட்ரோல் குழாய்களைப் பற்றியவை என்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஈரோடு, 1986 பிரீமியர் பத்மினி: ஐயா, இரண்டு வருடத்துக்கு முன்புதான் பெட்ரோல் டியூப் முழுவதையும் புதிதாக மாற்றினேன். இப்போது தொட்டால் பிசுபிசுக்கிறது. காலையில் பானெட்டைத் திறந்தால் வாடை அடிக்கிறது. ஆனால் எங்கும் சொட்டவில்லை. டியூப் மட்டமான சரக்கா, அல்லது பெட்ரோல்தான் காரணமா?

இரண்டுமே காரணமாக இருக்கலாம். நம் கடைகளில் விற்கும் கறுப்புக் குழாய்களில் பெரும்பாலானவை நைட்ரைல் ரப்பரால் ஆனவை. கலப்பில்லாத பெட்ரோலை நைட்ரைல் நன்றாகவே தாங்கும். பல பத்தாண்டுகளாக அதை நம்பித்தான் கார்கள் ஓடின. எத்தனாலின் மூலக்கூறு சிறியது. நைட்ரைலைப் போலவே முனைவுத் தன்மையும் (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் சாய்வு) கொண்டது என்பதால் ரப்பருக்குள் எளிதில் நுழைந்து அதை உப்பவைக்கிறது, அத்துடன் ரப்பரை வளையும்படி வைத்திருக்கும் மென்மையூட்டிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியேற்றுகிறது. நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பு அதன் அடையாளம்.

தினமும் ஓடும் காரில் குழாய் எப்போதும் நனைந்தே இருப்பதால் சேதம் வெளியே தெரியத் தாமதமாகும். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் காரில் பெட்ரோல் ஆவியாகிக் குழாய் உலரும்போது, மென்மையூட்டியை இழந்த ரப்பர் சுருங்கி இறுகி, வளைவுகளிலும் கிளிப் கடிக்கும் இடத்திலும் மயிரிழை போல வெடிக்கிறது. செல்லமாக மூடிவைத்த கார்களில்தான் குழாய்கள் முதலில் போகின்றன என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

சொட்டாமல் வாடை மட்டும் வருவது, பெட்ரோல் குழாயின் சுவரை ஊடுருவி ஆவியாக வெளியேறுகிறது என்பதைக் காட்டுகிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே30 தர வரையறையில் ஆர்7 வகைக் குழாய் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 550 கிராம் வரை இப்படி இழக்கலாம். ஆர்9 வகைக்கு உச்சவரம்பு வெறும் 15 கிராம். 8 மி.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் உட்பரப்பு சுமார் 0.025 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் வகையில் ஏறத்தாழ 14 கிராமும் இரண்டாவதில் அரை கிராமுக்கும் குறைவாகவும் வரும். உங்கள் காரில் அப்படியே 14 கிராம் போகிறது என்று நான் சொல்லவில்லை. அது சோதனைக்கூட வரம்பு. ஆனாலும், மூடிய ஷெட்டில் அடிக்கும் வாடைக்கு விளக்கம் அதில் இருக்கிறது. தாமதிக்காமல் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

மதுரை, அம்பாசிடர் மார்க் 4: ஆர்6, ஆர்7, ஆர்9, ஆர்10, ஆர்14 என்று பல எண்கள் சொல்கிறார்கள். எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் எண்ணும் ஒரு பயன்பாட்டைக் குறிக்கிறது. ஆர்6-உம் ஆர்7-உம் கார்புரேட்டர் கார்களின் குறைந்த அழுத்தத்துக்கான பழைய வகைகள். ஆர்9 என்பது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்காக வந்தது, 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்துக்கு உரியது. ஆர்10 டாங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கானது. விலை மிக அதிகம், உங்களுக்கு அது தேவையே இல்லை. ஆர்14 கார்புரேட்டர் அழுத்தத்துக்கான, ஆனால் ஊடுருவல் குறைந்த புதிய வகை.

அம்பாசிடரின் மெக்கானிக்கல் பம்ப் சில பி.எஸ்.ஐ. அளவுக்கே தள்ளுவதால், இன்ஜெக்‌ஷன் குழாய் எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். அழுத்தத்துக்காக நாம் அதை வாங்கவில்லை, அதன் உட்பூச்சுக்காக வாங்குகிறோம் என்பதே பதில். ஆர்9 குழாயின் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பரால் ஆனது. வைட்டான் என்ற வணிகப் பெயர் சொன்னால் பலருக்கும் புரியும். எத்தனால் அதை எளிதில் ஊடுருவுவதில்லை. ஆகவே ஆர்9 அல்லது ஆர்14, இரண்டில் எது அச்சு தெளிவாக இருந்து நம்பகமான கடையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். வளைவு அதிகமுள்ள இடத்துக்கு ஆர்9 சற்று விறைப்பாக இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வாங்கும்போது கூர்மையான கத்தியால் நுனியை நேராக வெட்டித் தரச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். வெளிரப்பர், நடுவில் நூல் பின்னல், அதற்குள் ரப்பர், எல்லாவற்றுக்கும் உள்ளே மெல்லிய தனி வளையம் என்று அடுக்குகள் தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளிவரை ஒரே கறுப்பாக இருந்தால், மேலே ஆர்9 என்று அச்சிட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அச்சிடுவது ரப்பர் செய்வதைவிட எளிது. தயாரிப்பாளர் பெயர், தர எண், அளவு, தயாரித்த காலம் ஆகியவை குழாயின் நீளம் நெடுக மீண்டும் மீண்டும் வர வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ எதுவும் அச்சிடாத சுருளை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று: ஃப்ளோரோ ரப்பர் உள்ளே மட்டும்தான் இருக்கிறது, வெளிப்பூச்சு வேறு ரப்பர். எனவே ஆர்9 குழாயை டாங்குக்குள் மூழ்கும்படி பொருத்தக் கூடாது.

சென்னை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சென்னையிலேயே தயாரான கார் என்பதால் எதையும் மாற்றாமல் அசலாக வைத்திருக்க ஆசைப்படுகிறேன். வெளியே பருத்தி நூல் பின்னிய குழாய்தான் பார்க்க அழகாக இருக்கிறது. அதைப் போடலாமா?

உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் பருத்திப் பின்னல் ரப்பரின் வெடிப்பை மறைத்துவிடும். பெட்ரோல் நூலில் ஊறிப் பரவுவதால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம். உள்ளே ஃப்ளோரோ ரப்பரும் வெளியே நூல் பின்னலுமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து மூலம் அந்த விவரத்தைத் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். கண்காட்சிக்குப் போகும் நாளில் அழகு தேவைப்படலாம், எஞ்சின் சூட்டில் நிற்கும் நாட்களோ அதைவிட அதிகம் என்பதால் நானாக இருந்தால் கறுப்புக் குழாயையே போடுவேன்.

திருச்சி, மாருதி 800 பழைய மாடல்: கேஸ் அடுப்புக்குப் போடும் ஆரஞ்சு டியூப் தடியாக, உறுதியாக இருக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

கூடவே கூடாது. அது சமையல் எரிவாயுவுக்காகச் செய்தது. திரவ பெட்ரோலும் எத்தனாலும் இடைவிடாமல் உள்ளே நிற்பதற்காகச் செய்ததல்ல. மீன் தொட்டிக்குப் போடும் நிறமற்ற பிளாஸ்டிக் டியூபுக்கும் இதே பதில்தான். அது மஞ்சளாகி, விறைத்து, ஒருநாள் நுனியிலிருந்து கழன்றுவிடும்.

சேலம், காண்டெஸா: ஒரேயடியாக டெஃப்லான் உள்ள ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டுவிட்டால் கவலை விடுமே?

எத்தனாலைப் பொறுத்தவரை டெஃப்லானுக்கு இணை இல்லை. ஆனால் அதைச் சாதாரண முனையில் செருகிக் கிளிப் போட்டு இறுக்க முடியாது. அதற்கென்றே உள்ள திருகு இணைப்புகள் இரு நுனிகளிலும் வேண்டும். ஓடும் பெட்ரோல் உராய்ந்து நிலைமின்சாரம் சேராமல் இருக்கக் கார்பன் கலந்த உட்சுவர் உள்ள வகையே பெட்ரோலுக்கு ஏற்றது. எஃகுப் பின்னல் பக்கத்து ஒயரையும் பெயின்ட்டையும் அரம்போல் தேய்த்துவிடும் என்பதால் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். பெயருக்கு மட்டும் எஃகு பின்னி உள்ளே சாதாரண நைட்ரைல் வைத்த மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு. இத்தனையையும் கவனிக்கத் தயார் என்றால் போடுங்கள். இரண்டடி ரப்பர் குழாய் போதுமான காருக்கு இது அதிகம் என்பது என் எண்ணம்.

லண்டன், மோரிஸ் மைனர்: இங்கே 10 விழுக்காடு எத்தனால்தான். அண்ணா, நான் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டுமா?

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது; சூப்பர் வகை இன்னும் இ5 என்ற பெயரில் கிடைக்கிறது. பழைய காருக்கு அதையே போடுங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டிக் குழாயை விட்டுவிடாதீர்கள். உங்கள் காரில் எஸ்.யூ. நிறுவனத்தின் மின்பம்ப் இருப்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை: மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நின்றதும் நின்றுவிடும், மின்பம்ப்போ குழாய் பிய்ந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாமல் எஞ்சின் அணைந்த பிறகும் சாவி போட்டிருக்கும்வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கோயம்புத்தூர், பிரீமியர் பத்மினி: நல்ல ஆர்9 குழாய் வாங்கிப் போட்டும் ஒரே வாரத்தில் பம்ப் முனையில் ஈரம் கசிகிறது. கிளிப்பை இறுக்க இறுக்க மோசமாகிறது.

குழாயைக் குறை சொல்வதற்கு முன் அளவைப் பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; கடையில் 6 மி.மீ. என்றும் கால் அங்குலம் என்றும் ஒன்றையே இரண்டு பெயரில் கொடுப்பார்கள். அரை மி.மீ. கூட வராத வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் உட்பூச்சு உள்ள குழாய் நைட்ரைலைப்போல இழுத்துக்கொடுக்காது. இறுக்கமான முனையில் திருகித் திருகிச் செருகினால் மெல்லிய உட்பூச்சு சுருண்டு பிரிந்துவிடும்; பெட்ரோல் அந்த அடுக்குகளுக்கிடையே புகுந்து நுனியில் எட்டிப்பார்க்கும். முனையை வெர்னியரால் அளந்து அதற்கேற்ற குழாயை வாங்குங்கள். முனையில் துரு, பழைய பிசிறு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே செருக வேண்டும்.

அடுத்தது கிளிப். பட்டையில் பள்ளம் பள்ளமாக வெட்டிய சாதாரண ஜூப்ளி கிளிப்பை இறுக்கினால், ரப்பர் அந்தப் பள்ளங்களில் பிதுங்கி அறுபடும். நீங்கள் இறுக்க இறுக்க மோசமாவது அதனால்தான். ஓரம் மடித்து, உட்புறம் வழவழப்பாக உள்ள ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிளிப் கேட்டு வாங்குங்கள். முனையில் உள்ள புடைப்பைத் தாண்டிக் கிளிப் உட்கார வேண்டும். அறுபட்ட நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் பொருத்துங்கள், எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆறிய பின் ஒருமுறை மட்டும் சரிபாருங்கள்.

வேலூர், அம்பாசிடர்: பெட்ரோலில் ஊற்றும் திரவங்கள் ரப்பரைக் காப்பாற்றுமா? எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்டு வழக்குப் போட்டார்களே?

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பெட்ரோல் பங்குகளில் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. திரவங்களில் சில, டாங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள உலோகம் அரிப்பதைக் குறைக்கலாம்; ரப்பருக்குள் எத்தனால் நுழைவதை எதுவும் தடுக்காது. அந்தக் காசுக்குக் குழாய் வாங்கலாம்.

தஞ்சாவூர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு: குழாயை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் மெல்லிய சவ்வான பம்பின் டயாபிரம் பழைய ரப்பராக இருந்தால் அதையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். கார்புரேட்டரின் நீடில் வால்வு நுனியும் ரப்பராக இருக்கலாம். பழைய கார்க் கேஸ்கெட்டுகளை அரக்கு வார்னிஷ் தடவி ஒட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பது தச்சர்களுக்கெல்லாம் தெரிந்ததே, ஆகவே அந்த இடங்கள் எல்லாம் கசியும் என்று எதிர்பாருங்கள்.

டாங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவருவதால் முதல் சில டாங்குகளில் ஃபில்டர் விரைவில் அடைக்கும். உதிரியாக ஒன்று காரில் இருக்கட்டும். கலவையில் ஆக்சிஜன் சேர்வதால் எஞ்சினுக்குக் காற்று மிகுந்த கலவை போகும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டிவரலாம். அது ஓட்டத்தைப் பற்றிய விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழாய் தீயைப் பற்றியது. டாங்கிலிருந்து பெட்ரோல் வெளிவரும் இணைப்பும், வாய்மூடியிலிருந்து டாங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் கழுத்தும், காற்றுப்போக்கி டியூபும் கண்ணில் படாததால் பலரும் பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு துண்டுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்து அவற்றையும் இதே நாளில் மாற்றுங்கள். புதுக் குழாயின் மேல் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒரு சிறு ஒட்டுத்தாளைச் சுற்றிவிட்டால், அடுத்து காரைத் தொடும் மெக்கானிக் ஊகிக்க வேண்டியிருக்காது.