எல்லாம் ஒரே கூட்டணி ஏர்லைன்ஸ்தானே, என் மைல்ஸ் மட்டும் ஏன் தனித்தனியா கிடக்குது? வாசகர் கேள்வி-பதில்

மாங்கூழ், கிரானைட், ஓசூர் ஐடி, வெளிநாட்டுல பசங்க இருக்கற வீடு, இப்படி நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு போறவங்க நிறைய ஆயிட்டாங்க. அதனால இந்த தடவ வந்த கேள்வில மைல்ஸ், பாயிண்ட்ஸ் (பறக்கறதுக்கு ஏர்லைன்ஸ் நம்ம கணக்குல ஏத்தற புள்ளி, சேந்தா அத வெச்சு டிக்கெட் எடுக்கலாம்) சம்பந்தமானத மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி (பர்கூர், கிரானைட் ஏற்றுமதி): அண்ணா வணக்கம். செப்டம்பர்ல இத்தாலி வெரோனா கல்லு கண்காட்சி, மார்ச்ல சைனா ஷியாமென் கண்காட்சி, நடுவுல பார்ட்டிங்கள பாக்கனும்னு அலைச்சல். எது ரேட் கம்மியோ அதுல போயிடுவேன், லுப்தான்சா, சிங்கப்பூர், தாய் ஏர்வேஸ், ஏர் இந்தியான்னு நாலுலயும் மெம்பர். நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் மைல்ஸ் நிக்குது, எதுலயும் ஒரு டிக்கெட் எடுக்கற அளவுக்கு இல்ல. நாலுமே ஸ்டார் அலையன்ஸ்ங்கற ஒரே ஏர்லைன்ஸ் கூட்டணிதானே, ஒண்ணா சேத்துக்க முடியாதா? கஸ்டமர் கேர்ல முடியாதுங்கறாங்க.

பதில்: கஸ்டமர் கேர்ல சொன்னது சரிதாங்க. கூட்டணி சேந்தது கம்பெனிங்க, உங்க மைல்ஸ் இல்ல. ஸ்டார் அலையன்ஸ்க்குன்னு தனியா ஒரு மைலேஜ் கணக்கு கிடையாது, லுப்தான்சாவுக்கு மைல்ஸ் அண்ட் மோர், சிங்கப்பூருக்கு கிரிஸ்ஃபிளையர், தாய்க்கு ராயல் ஆர்க்கிட் பிளஸ், ஏர் இந்தியாவுக்கு மகாராஜா கிளப், நாலும் நாலு கணக்கு. கல்யாணத்துல மொய் எழுதறப்ப ஒரே பணத்த பொண்ணு வீட்டு நோட்டுலயும் மாப்ள வீட்டு நோட்டுலயும் எழுத முடியாதில்ல, அதே மாதிரி ஒரு பிளைட்ட ஒரு நோட்டுலதான் எழுதுவாங்க, எழுதினப்பறம் மாத்த மாட்டாங்க. ஆனா எந்த நோட்டுல எழுதறதுங்கறது உங்க கையில இருக்கு, கூட்டணியால மெம்பருக்கு கிடைக்கற முதல் லாபமே அதுதான். லுப்தான்சா டிக்கெட் போடறப்ப பிரீக்வென்ட் ஃபிளையர் நம்பர் (மைலேஜ் மெம்பர் நம்பர்) கேக்கற இடத்துல கிரிஸ்ஃபிளையர் நம்பர போட்டீங்கன்னா மைல்ஸ் அங்க போயிடும். நீங்க ஏறுற ஏர்லைன்ஸ்லயே மெம்பர் ஆகனும்னு கட்டாயமே இல்ல, இது தெரியாமதான் முக்காவாசி பேரு ஒவ்வொரு பிளைட்டுக்கும் ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி வெச்சிருக்காங்க.

ஏன் இப்படி பிரிச்சு வெச்சிருக்கான்னா உள்ள காசு விஷயம் இருக்கு. நீங்க லுப்தான்சால பறந்து கிரிஸ்ஃபிளையர்ல மைல்ஸ் வாங்குனா அந்த மைல்ஸுக்கு லுப்தான்சா சிங்கப்பூர்காரனுக்கு பணம் கொடுக்கனும், அப்பறம் நீங்க அந்த மைல்ஸ வெச்சு லுப்தான்சால ஓசி டிக்கெட் எடுத்தா சிங்கப்பூர்காரன் லுப்தான்சாவுக்கு கொடுக்கனும். மைலுக்கு இவ்வளவுன்னு அவங்களுக்குள்ள ஒரு ரேட் ஓடிட்டே இருக்கு. நீங்க அடிமாட்டு ரேட்ல டிக்கெட் வாங்கியிருந்தா அதுக்கு பக்கத்து கம்பெனிக்கு மைல்ஸ் காசு கொடுக்க அவனுக்கு மனசு வராது. அதே மாதிரி கூட்டணி மெம்பர்களுக்கு ஓசி சீட்டும் எண்ணித்தான் விடுவான், சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட தூர பயண பிசினஸ் கிளாஸ் சீட் எல்லாம் பெரும்பாலும் கிரிஸ்ஃபிளையர்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும், வேற ஸ்டார் அலையன்ஸ் மைல்ஸ வெச்சுக்கிட்டு தேடுனா இல்லன்னே காட்டும்.

உங்க ரூட்ட பாத்தா நான் கிரிஸ்ஃபிளையர் ஒண்ண மட்டும் வெச்சுக்குங்கன்னு சொல்லுவேன். பெங்களூர்ல இருந்து சிங்கப்பூர் பிளைட் தினமும் இருக்கு, கூட்டணில இருக்கற லுப்தான்சா பிளைட்டையும் இதுலயே எழுதிக்கலாம், நம்ம ஊர் பேங்க் கிரெடிட் கார்டு பல இதுக்கு பாயிண்ட மாத்தி விடுது (மாத்துனா திரும்ப வராது, டிக்கெட் சீட் இருக்கான்னு பாத்துட்டு மாத்துங்க). ஒரே குறை, கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் 3 வருஷத்துல காலாவதி. நீங்க வருஷத்துக்கு பல தடவ போறவர், பிரச்சனை இல்ல. மத்த மூணுலயும் இருக்கறத இன்னைக்கே உக்காந்து பாருங்க, எது எப்ப எக்ஸ்பயரின்னு அக்கவுண்ட்லயே போட்டிருக்கும், அங்க கிடைக்கற சின்ன டிக்கெட்டோ அப்கிரேடோ எடுத்து தீத்துடுங்க. ஓசி டிக்கெட்னாலும் டாக்ஸ், சர்சார்ஜ் எல்லாம் கையில இருந்துதான் கட்டனும், ஐரோப்பா பக்கம் சில கம்பெனில அதுவே பயமுறுத்தற மாதிரி வரும், அந்த தொகைய பாக்காம மைல்ஸ தொடாதீங்க.

ஒண்ணா சேத்துக்கற வசதி இருக்கற ஒரு இடம் சொல்றேன். கத்தார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டு கூட்டணி, ரெண்டு பேரும் ஏவியோஸ்ங்கற ஒரே பாயிண்ட வெச்சிருக்காங்க, 2022ல இருந்து கத்தாரும் அதுக்கு மாறிட்டான், அக்கவுண்ட ரெண்டையும் லிங்க் பண்ணிட்டா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு இங்கயும் அங்கயும் நகத்தலாம். அது கூட கூட்டணியால வந்தது இல்ல, அதே ஒன்வேர்ல்டுல இருக்கற கத்தே பசிபிக்குக்கோ ஜப்பான் ஏர்லைன்ஸுக்கோ ஏவியோஸ அப்படி மாத்த முடியாது.

கேள்வி (ஓசூர், ஐடி வேல): ப்ரோ, நீங்க சொல்ற மாதிரிதான் பண்ணேன், பெங்களூர் டு பிராங்க்பர்ட் லுப்தான்சா டிக்கெட்ல வேற ஸ்டார் அலையன்ஸ் நம்பர் போட்டேன். கூட வந்த கொலீக்குக்கு நாலாயிரத்து சொச்சம் மைல்ஸ், எனக்கு அதுல பாதி கூட இல்ல. ஒரே பிளைட், பக்கத்து பக்கத்து சீட். ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தல ப்ரோ, உங்க டிக்கெட்ல ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, புக்கிங் கிளாஸ்னு. ரெண்டு பேரும் எகானமிதான், ஆனா எகானமிக்குள்ளயே ஒரு டஜன் எழுத்து ஓடுது, வொய், பி, எம்னா காஸ்ட்லி, கே, எல், டி (T)ன்னா ஆஃபர் டிக்கெட். பெங்களூர் பிராங்க்பர்ட் சுமாரா 4600 மைல் தூரம். கூட்டணி கம்பெனி பிளைட்டுக்கு மைல்ஸ் கணக்கு பெரும்பாலும் தூரத்தையும் இந்த எழுத்தையும் வெச்சுதான், 100 சதவீதம்னா 4600, 50 சதவீதம்னா 2300, 25ன்னா 1150, சில எழுத்துக்கு சுத்தமா சைபர். இதுல கூத்து என்னன்னா ஒரே எழுத்துக்கு ஒரு புரோகிராம்ல 50 சதவீதம் கொடுப்பான், அதே கூட்டணில இன்னொரு புரோகிராம்ல ஒண்ணுமே கொடுக்க மாட்டான். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த எழுத்த பாத்து வெச்சுக்கிட்டு, நீங்க மெம்பரா இருக்கற புரோகிராமோட சைட்ல பார்ட்னர் ஏர்லைன்ஸ் பக்கத்துக்கு போய் லுப்தான்சாவுக்கு அந்த எழுத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேல. டிக்கெட்ட கம்பெனி டிராவல் டெஸ்க் போட்டிருந்தா எழுத்து எதுன்னு அவங்கள கேளுங்க, இ-டிக்கெட்ல கண்டிப்பா இருக்கும்.

கம்மியா வந்தா வேற விஷயம், வரவே இல்லன்னா கிளெய்ம் போடலாம், ஆனா சில புரோகிராம்ல 6 மாசத்துக்குள்ள போடனும். வீட்டுக்கு வந்ததும் போர்டிங் பாஸ கிழிச்சு போட்டுடாதீங்க, போட்டோவாவது எடுத்து வைங்க.

கேள்வி (தர்மபுரி, ரிட்டயர்டு டீச்சர்): பையன் ஸ்டாக்ஹோம்ல இருக்கான். எஸ்ஏஎஸ் ஏர்லைன்ஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் மெம்பர்ஷிப் எடுத்து கொடுத்து, லுப்தான்சால வரப்ப இந்த நம்பர கொடுங்கன்னு சொல்லியிருந்தான், முன்னாடி எல்லாம் பாயிண்ட் ஏறுச்சு. இந்த தடவ போயிட்டு வந்ததுக்கு ஏறல. பழைய பாயிண்டும் போச்சா தம்பி?

பதில்: பழசு போகல டீச்சர், பயப்படாதீங்க. நடந்தது என்னன்னா எஸ்ஏஎஸ் 1997ல ஸ்டார் அலையன்ஸ ஆரம்பிச்ச அஞ்சு கம்பெனில ஒருத்தன், ஆனா 2024 ஆகஸ்ட் கடைசியோட வெளிய வந்து செப்டம்பர் 1ல இருந்து ஸ்கைடீம் கூட்டணிக்கு போயிட்டான். லுப்தான்சா இன்னும் ஸ்டார் அலையன்ஸ்லதான். அதனால லுப்தான்சா பிளைட் இப்ப அந்த நோட்டுல ஏறாது. உங்க கணக்குல இருக்கற பாயிண்ட் அப்படியேதான் இருக்கும், செலவு பண்ற இடம்தான் மாறிடுச்சு, ஏர் பிரான்ஸ், கேஎல்எம் ரெண்டும் ஸ்கைடீம், ரெண்டும் பெங்களூருக்கு வருது, அடுத்த தடவ பாரிஸ் வழியாவோ ஆம்ஸ்டர்டாம் வழியாவோ போனா பாயிண்டும் ஏறும், இருக்கற பாயிண்ட செலவும் பண்ணலாம். லுப்தான்சாலதான் போவேன்னா வேற ஸ்டார் அலையன்ஸ் புரோகிராம்ல புதுசா ஒண்ணு ஆரம்பிங்க.

இப்படி கம்பெனி இடம் மாறுறது புதுசு இல்ல. அமெரிக்கால கான்டினென்டல் 2009ல ஸ்கைடீம விட்டு ஸ்டாருக்கு வந்தான், யுஎஸ் ஏர்வேஸ் 2014ல ஸ்டார விட்டு ஒன்வேர்ல்டுக்கு போனான். நம்ம கிங்ஃபிஷர் 2012ல ஒன்வேர்ல்டுல சேர தேதி குறிச்சு, சேராமலே அந்த வருஷமே கம்பெனி நின்னு போச்சு. விஸ்தாரா 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட கலந்துடுச்சு, அது எந்த கூட்டணிலயும் இல்லாத கம்பெனி, அதோட மெம்பருங்க அதனால ஸ்டார் அலையன்ஸ் புரோகிராமுக்குள்ள வந்து சேந்தாங்க, அவங்களுக்கு அது லாபம்தான். என்ன சொல்றேன்னா மைல்ஸ பேங்க் டெபாசிட் மாதிரி பேரன் காலத்துக்கு சேக்காதீங்க டீச்சர், டிக்கெட் அளவுக்கு வந்ததும் எடுத்துடுங்க.

கேள்வி (பாலக்கோடு): பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலி, பேரு மட்டும்தான் இருக்கு. மைலேஜ் அக்கவுண்ட்ல இனிஷியலோட போட்டிருக்கேன். மைல்ஸே ஏற மாட்டேங்குது.

பதில்: நம்ம ஊர்க்காரங்களுக்கே உரிய தலைவலி இது. டிக்கெட்ல இருக்கற பேரும் மெம்பர்ஷிப்ல இருக்கற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகனும், இனிஷியல் ஒண்ணு கூடினாலும் சிஸ்டம் தள்ளி விட்டுடும். ஒரே கம்பெனிக்குள்ளன்னா கூட போன் பண்ணி சரி பண்ணலாம், பறந்தது ஒரு கம்பெனி மைல்ஸ் இன்னொரு கம்பெனின்னா அவன் இவன கை காட்டுவான் இவன் அவன கை காட்டுவான். சர்நேம் இல்லாதவங்களுக்கு சில ஏர்லைன்ஸ் பேரையே ரெண்டு தடவ போடறான், சில பேரு எஃப்என்யுன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பேர் தெரியலன்னு) போடறான், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மாதிரி. முதல்ல மெம்பர்ஷிப் பேர பாஸ்போர்ட் படி மாத்த சொல்லி பாஸ்போர்ட் காப்பியோட மெயில் போடுங்க. அடுத்த தடவ பாஸ்போர்ட் ரினியூவல் வரப்ப அப்பா பேர சர்நேம்ல போட்டுடுங்க, மைல்ஸுக்காக மட்டும் சொல்லல, 2022 நவம்பர்ல இருந்து துபாய் பக்கம் ஒத்த பேரு பாஸ்போர்ட்ல விசிட் விசா, டூரிஸ்ட் விசாவுல போறவங்கள விடறதில்ல.

கேள்வி (அரூர்): பொண்ணுக்கு அமெரிக்கால யுனைடெட் ஏர்லைன்ஸ் கோல்டு கார்டு. அவ வரப்போ நாங்க மூணு பேரும் ஒண்ணா பெங்களூர்ல இருந்து ஏர் இந்தியால டெல்லி போறோம். எங்கள லவுஞ்சுக்கு கூட்டிட்டு போக முடியுமா?

பதில்: யுனைடெட் கோல்டுன்னா ஸ்டார் அலையன்ஸ் கோல்டு, ஏர் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ், அதனால பொண்ணுக்கு லவுஞ்ச் உண்டு, லக்கேஜ் கூடுதல் உண்டு, செக்-இன்ல தனி வரிசை உண்டு. ஆனா கூட ஒருத்தர்தான், அதுவும் அதே பிளைட்ல போறவரா இருக்கனும். அம்மாவா அப்பாவான்னு வீட்லயே பேசி முடிவு பண்ணிட்டு போங்க! போர்டிங் பாஸ்ல ஸ்டார் அலையன்ஸ் கோல்டுன்னு அச்சாகி இருக்கான்னு கவுண்டர்லயே பாத்துக்குங்க, இல்லன்னா லவுஞ்ச் வாசல்ல நிக்க வெச்சுடுவாங்க. ஒரு வேடிக்கை, இதே கார்டு வெச்சுக்கிட்டு அமெரிக்காவுக்குள்ள உள்ளூர் பிளைட் மட்டும் போனா யுனைடெட் அவங்க சொந்த லவுஞ்ச்ல அவங்க கோல்டு மெம்பரையே விட மாட்டான், வேற நாட்டு ஸ்டார் அலையன்ஸ் கோல்டு கார்டுகாரன விடுவான்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): மாங்கூழ் ஆர்டர் விஷயமா துபாய் போறேன். எமிரேட்ஸ், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் எந்த கூட்டணி?

பதில்: எதுவுமே இல்லைங்க. எமிரேட்ஸும் இண்டிகோவும் மூணு கூட்டணிலயும் சேரல, தனித்தனியா சில கம்பெனியோட ஒப்பந்தம் மட்டும் வெச்சிருக்காங்க, அதுல எது எதுக்கு பாயிண்ட் ஏறும்னு ஒவ்வொண்ணா பாக்கனும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏர் இந்தியாவோட தம்பி கம்பெனிதான், ஆனா ஸ்டார் அலையன்ஸ் இல்ல, சிங்கப்பூரோட ஸ்கூட்டும் அப்படித்தான். கோல்டு கார்டு காட்டி லக்கேஜ் கூட கேக்கலாம்னு நெனச்சுட்டு போயிடாதீங்க, மாங்கூழ் சாம்பிள் டின் வெயிட்டுக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல எக்ஸ்ட்ரா கிலோ வாங்கிடுங்க, கவுண்டர்ல போய் நின்னா ரேட் ஜாஸ்தி.