இஸ்தான்புல்லில் கடைசி நாள் செவ்வாய் என்றால்

காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, இரவு 9 மணி விமானத்துக்குள் தோப்காபி அரண்மனை, இளவரசர் தீவுகள் இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோப்காபிக்குச் செவ்வாய் விடுமுறை. தீவுக்குப் போக வரவே பாதி நாள் ஓடிவிடும். இரண்டையும் விடுங்கள்.

பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுக் காலையில் சுலைமானியே மசூதிக்குப் போங்கள். ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் 1557இல் கட்டி முடித்தது, கட்டணம் கிடையாது. நடுப்பகல் தொழுகைக்கு முன் போனால் உள்ளே நிதானமாகப் பார்க்கலாம். பின்புறத் தோட்டத்திலிருந்து கோல்டன் ஹார்ன் என்ற கடற்கழி விரிந்து தெரியும். (என்னைக் கேட்டால் நீல மசூதியைவிட இதுதான் அழகு. சண்டைக்கு வராதீர்கள்.) அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் எமினோனு படகுத்துறை. இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையைத் தட்டிவிட்டுக் கடிகோய் படகில் ஏறுங்கள். மேல்தளத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வந்துவிடும்! கடிகோய் சந்தைத் தெருக்களில் மதியச் சாப்பாடு. சைவம் என்றால், பருப்பு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் ஒன்று: ஷூ பாலிஷ்காரர் உங்கள் முன்னே பிரஷைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள். நன்றி என்று சொல்லிப் பாலிஷ் போட்டுவிட்டுக் காசு கேட்பார். தக்சிம் சதுக்கம் பக்கம் திடீர் நண்பர் யாராவது பாருக்குக் கூப்பிட்டாலும் போகவேண்டாம், பில் தலையைச் சுற்ற வைக்கும்.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று இப்போதே பாருங்கள். சபிஹா கோக்சென் என்றால் அது ஆசியப் பக்கம். மசூதி பார்த்ததும் விடுதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு படகேறிவிடலாம், கடிகோயிலிருந்தே மெட்ரோ போகிறது. ஐரோப்பியப் பக்கத்துப் புதிய நிலையம் என்றால் ஐந்து மணிக்குள் விடுதியிலிருந்து கிளம்பிவிடுங்கள்.