வீடியோ நேர்காணல்: கேமராவில் சட்டைக் கோடுகள் நெளிகின்றன

வீடியோ நேர்காணலில் உங்கள் சட்டைக் கோடுகள் நெளிவதுபோல் தெரிந்தால், சட்டையை மாற்றுங்கள், கேமராவை அல்ல. கோடு, கட்டம் இல்லாத வெளிர்நீலச் சட்டை போதும்.

இந்த நெளிவு, சட்டையின் நெருக்கமான மெல்லிய கோடுகளும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒத்துப்போகாததால் வருவது. பொடிக் கட்டம் போட்ட சட்டையும் இதே வேலையைக் காட்டும்.

வேறு சட்டையே இல்லையென்றால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி, நேர்காணலுக்கு உட்காரும் அதே வெளிச்சத்தில் 1 நிமிடம் பதிவு செய்து பாருங்கள். தூரம் மாறினால் நெளிவு அடங்கலாம். ஆனால் பேச்சு வேகத்தில் சாய்ந்தால் திரும்ப வந்துவிடும்.

பளீர் வெள்ளையைச் சோதிக்காமல் போடாதீர்கள். கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். அப்புறம், பேண்ட்டும் ஒழுங்காக இருக்கட்டும். சார்ஜர் எடுக்க எழுந்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.