மின்னுவதெல்லாம் பெரிய தூசியா?

கேள்வி: கண்ணாடிக்கு வெற்றிடக் கோட்டிங் (காற்றை நீக்கிய பெட்டிக்குள் மெல்லிய உலோகப் பூச்சு) போடும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ட்யூப் லைட்டில் பார்த்தால் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிகிறது. அலுமினியம் பூசி எடுத்தால் பூச்சில் ஊசித்துளைகள். லேசர் பாயிண்டர் அடித்தால் புள்ளிகள் மின்னுகின்றன. அந்த வெளிச்சத்தை வைத்துத் தூசியின் அளவைச் சொல்ல முடியுமா சார்?

பதில்: எத்தனை என்று சொல்லலாம். எவ்வளவு பெரியது என்று சொல்வதுதான் வம்பு.

முதலில் லேசரை ஓரமாக வையுங்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர் கண்ணுக்கு ஆபத்து. நல்ல வெள்ளை எல்.இ.டி. டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, பின்னால் கறுப்பு வெல்வெட் துணி வைத்து, கண்ணாடியை உரசினாற்போல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். திரும்பும் ஒளி முகத்தில் விழாத பக்கமாக நின்று பாருங்கள். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசு பறப்பது தெரியுமே, அதே சங்கதிதான்.

அப்புறம் கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். தூசி எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்னும். கீறலோ, ஒளி குறுக்கே விழும்போது பளிச்சிட்டு, நெடுக்காக வரும்போது அணைந்துவிடும். ஊதியும் துடைத்தும் நகராத புள்ளி, பாலிஷில் விட்டுப்போன குழியாக இருக்கலாம். பின்பக்கத்துத் தூசியும் சேர்ந்தே மின்னும். தலையை அசைத்துப் பார்த்தால் எது முன்னால், எது பின்னால் என்று புரிந்துவிடும்.

சரி, அளவு ஏன் சிக்கல்? ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளில், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் படியில் மாறுகிறது. விட்டம் பாதியானால் வெளிச்சம் 64-இல் ஒரு பங்குதான். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே கோணத்தில் பார்க்கும்போது பெரிய துகள் சின்னதைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. சிலிக்கன் வேஃபரை (சிப் செய்யும் மெல்லிய தகட்டை) சோதிக்கும் விலையுயர்ந்த லேசர் கருவிகளே அளவு தெரிந்த பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் உருண்டைகளை வைத்து அளவுத்திருத்தம் செய்யப்பட்டவைதான். ‘இவ்வளவு பெரிய உருண்டை சிதறும் ஒளிக்குச் சமம்’ என்பதே அவை தரும் எண். ஒரே விட்டமுள்ள செம்புத் துகளும் கண்ணாடித் துகளும் அங்கே வேறு வேறு எண்ணாக வரும்.

ஆகவே எண்ணுங்கள். கேமரா, தூரம், கோணம், எக்ஸ்போஷர் எதையும் மாற்றாமல் துடைத்த உடனே ஒரு படம், சேம்பரில் (பூச்சு போடும் வெற்றிடப் பெட்டியில்) ஏற்றும் முன் இன்னொன்று. அளவு தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பத்துப் புள்ளிகளை மட்டும் ஸ்கேல் உள்ள மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இரண்டாவது படத்தில் புதுப் புள்ளிகள் இருந்தால் குறை துடைப்பில் இல்லை, நடுவில் கண்ணாடி காத்திருந்த இடத்தில். இரண்டு படமும் சுத்தமாக இருந்தும் துளை விழுந்தால், காற்றை உறிஞ்சும் பம்ப் ஓடத் தொடங்கும்போது சேம்பர் சுவரிலிருந்து உதிரும் பழைய அலுமினியச் செதில்களைச் சந்தேகப்படுங்கள்.