பழைய மாருதி 800க்கு வேறு அலாய் வீல் பொருந்துமா என்று பார்ப்பது எப்படி?

கடலூரில் பழைய மாருதி 800 வைத்திருக்கும் ஒருவர், புதுச்சேரியில் பார்த்த அலாய் வீல் தன் வண்டிக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார்.

வீல் பொருத்தம் என்பது, சக்கரம் அச்சின் முகப்பில் சரியாக அமர்ந்து, எதிலும் உரசாமல் சுழல்வதாகும். முதலில் போல்ட் வட்டத்தைப் பாருங்கள். நான்கு துளைச் சக்கரத்தில் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரமே அது. மாருதி 800க்கு அது 114.3 மி.மீ.; கடைகளில் அதிகம் கிடைக்கும் 100 மி.மீ. வீல் இதில் ஏறாது.

மக்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, அச்சில் ஒட்டும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மி.மீ. கணக்கில் சொல்வது இது. குடத்தை இடுப்போடு அணைத்தால் எளிதாகச் சுமக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் கடுக்கும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங்குக்கும் அதே நிலைதான். அதிகம் உள்ளே போனாலோ, டயர் சஸ்பென்ஷனில் உரசும்.

ஆகவே, வண்டியில் ஆட்களை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி இடைவெளியைப் பாருங்கள். நம் கடற்காற்றில் துரு விரைவில் ஏறுவதால், ஒட்டும் பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே மாட்டுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இரண்டு முறை போய்வந்ததும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

நான்கு நட்டும் ஏறிவிட்டால் வீல் பொருந்திவிட்டது என்று பலர் நினைப்பது தவறு. ஆஃப்செட்டும், அச்சின் முகப்பு நுழையும் சக்கரத்தின் நடுத்துளையும் ஒத்துவராவிட்டால் அந்த வீலை வாங்க வேண்டாம்.